நூலகர் என்றொரு பணியிடம்

இந்தியப் பள்ளி நூலகங்களைப் பற்றி நான் வாசித்தவற்றில் மிக நேர்மையான பத்தி ஓர் அரசு அறிக்கையில் இருக்கிறது. 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், மருத்துவர், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அடுத்த ஆண்டு வந்த அந்த அறிக்கை, பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதியது. இருக்கும் புத்தகங்கள் பழையவை, பிள்ளைகளின் விருப்பம் அறியாமல் வாங்கப்பட்டவை. மனம் ஒட்டாத ஓர் அறையில் சில அலமாரிகளில் அவை கிடக்கின்றன. பொறுப்பில் இருப்பவர் ஓர் எழுத்தர், இல்லாவிட்டால் வேறு வேலைகளுக்கு நடுவே இதையும் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர். புத்தகத்தின் மேல் பற்றும் இல்லை, நூலகத் தொழிலில் பயிற்சியும் இல்லை. குறையைச் சொன்னதோடு குழு நின்றுவிடவில்லை. உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற முழுநேர நூலகர் வேண்டும், மூத்த ஆசிரியர்களுக்கு இணையான ஊதியமும் மதிப்பும் அவருக்கு வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறையில் அந்தப் பத்தியை இன்று வாசித்துக் காட்டினால், அது பழைய கதை என்று சொல்பவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்.

இடையில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் ‘புத்தகப் பூங்கொத்து’ என்ற பெயரில் கதைப் புத்தகங்கள் வகுப்பறைக்குள்ளேயே வந்தன. கயிற்றில் தொங்கிய அந்த மெல்லிய புத்தகங்களைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். 2022இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கென்றே இதழ்கள் தொடங்கப்பட்டன. 2023இல் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்கள். அவற்றின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அன்போடு செய்யப்பட்ட வேலை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியே நூலக மானியம் என்று பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை ஒதுக்க வழி இருக்கிறது. புத்தகம் வந்திருக்கிறது. ஆள்தான் வரவில்லை.

சட்டத்திலும் இதே கதைதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. பள்ளி என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாளும் இதழ்களும் எல்லாப் பாடங்களுக்கான நூல்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதே அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று ஆள் கணக்கையும் சொல்கிறது. நூலகத்துக்கு மட்டும் ஆள் கணக்கு இல்லை. ஓவியத்துக்கு மனிதர் தேவை என்று அறிந்திருந்த சட்டம், புத்தகம் தானே எழுந்து பிள்ளையிடம் போய்விடும் என்று நம்பியிருக்கிறது.

புள்ளிவிவரங்கள் இந்த நம்பிக்கைக்கு முட்டுக் கொடுக்கின்றன. மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்பான யுடைஸ் பிளஸின் 2021–22ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியப் பள்ளிகளில் 87.3 விழுக்காட்டில் நூலக வசதி இருக்கிறது. நூலகம், வாசிப்பறை, வாசிப்பு மூலை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. வகுப்பறைச் சுவரோரம் இருபது புத்தகம் வைத்த தட்டும், ஐயாயிரம் புத்தகத்தோடு திறந்திருக்கும் அறையும் அந்த விழுக்காட்டில் ஒன்றாகவே நிற்கின்றன. அதே அரசு நடத்தும் கேந்திரிய வித்யாலயாக்களிலும் நவோதயா பள்ளிகளிலும் நூலகர் என்பது முறையான பணியிடம். தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள். பள்ளிக்கு நூலகர் எதற்கு என்று கேட்பவர்கள் முதலில் இதற்கு விடை சொல்ல வேண்டும். மத்திய அரசு ஊழியரின் பிள்ளைக்குத் தேவைப்படுவது, அடுத்த தெருவில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எப்படித் தேவைப்படாமல் போகும்?

நான் போய்ப் பார்த்த பள்ளிகளில் நூலகம் என்பது பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில் நிற்கும் இரும்பு பீரோ. சாவி ஓர் ஆசிரியரிடம் இருக்கும். அநேகமாகத் தமிழாசிரியர், சில இடங்களில் உடற்கல்வி ஆசிரியர். ‘கூடுதல் பொறுப்பு’ என்பது அதற்கு அலுவலகம் வைத்த பெயர். அவரை இரக்கமற்றவர் என்று எழுதுவது சுலபம். அப்படி எழுதியவர்கள் இருப்புப் பதிவேட்டைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி: வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், விலை. மாறுதல் வரும்போது பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும். குறைந்தால் கைக்காசு. தணிக்கைக்கு வருபவர், பத்து ஆண்டுகளாக யாரும் தொடாத புத்தகத்தைப் பார்த்தால் ‘சரி’ என்று குறிப்பார். நாற்பது பிள்ளைகள் வாசித்து, நாற்பத்தோராவது பிள்ளையின் வீட்டில் தங்கிவிட்ட புத்தகத்தைப் பார்த்தால் ‘இழப்பு’ என்று எழுதுவார். இந்த இரண்டு குறிப்புகளுக்கு நடுவே வேலை பார்க்கும் ஒருவர் சாவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வதில் என்ன வியப்பு? பூட்டுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு என்று நாம்தானே வைத்திருக்கிறோம்.

புத்தகம் தொலையும் என்பதை அரசு அறியாமல் இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (2017) 215ஆம் விதி நூலகத்துக்கானது. ஆண்டில் இரவல் கொடுத்த அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைந்தால் அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம், நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை, என்கிறது அது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாயம் விசாரணை. எத்தனை பக்குவமான விதி! எவ்வளவு அதிகம் கொடுக்கிறாயோ அவ்வளவு தொலைய உனக்கு உரிமை உண்டு என்பதல்லவா அதன் உட்பொருள். டெல்லியில் ஓர் அமைச்சக நூலகத்துக்குக் கிடைக்கும் இந்த நம்பிக்கை, நான் விசாரித்த ஒரு பள்ளி ஆசிரியருக்கும் கிடைத்திருக்கவில்லை.

இந்த இடத்தில் எஸ். ஆர். ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். வந்த சில நாட்களிலேயே தனிமை தாங்காமல் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். பயிற்சிக்கு லண்டன் போய் அங்கே பொது நூலகங்கள் ஊர் மக்களோடு இயங்கும் விதத்தைக் கண்டபின் வேறு ஆளாகத் திரும்பினார். அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகரே உள்ளே போய் எடுத்துப் பார்க்கட்டும் என்றார். 1931இல் வெளிவந்த நூலகவியலின் ஐந்து விதிகள், புத்தகத்தைக் காவல் காப்பதைவிடப் புழங்க விடுவதே நூலகத்தின் வேலை என்பதிலிருந்து தொடங்குகின்றன. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942இல் தனி நூலும் எழுதினார். உலகின் நூலகப் பள்ளிகளில் எல்லாம் அவர் பெயர் பாடமாக இருக்கிறது. சீர்காழியைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் பீரோக்கள் திறந்திருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவது அதிகமா?

நூலகர் வந்து என்ன செய்வார்? இரவல் பதிவேட்டில் எழுதுவதற்கு ஓர் ஆளா என்று நல்லெண்ணம் உள்ளவர்களே கேட்கிறார்கள். இதற்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். எல்லா வகுப்பிலும் அப்படிச் சிலர் உண்டு. அது அவர்கள் குற்றம் இல்லை. வகுப்பில் அவனுக்கு எளிய புத்தகத்தைக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். அவன் வயதுக்கான புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டாம் வரியில் மூடிவிடுவான். அவனுக்கு வேண்டியது, சொற்கள் குறைவாகவும் விஷயம் அவன் வயதுக்கு ஏற்றதாகவும் உள்ள ஒரு புத்தகம். அப்படி ஒன்று இருப்பதும், அது எந்தத் தட்டில் இருக்கிறது என்பதும் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவன் அப்பா மெக்கானிக் என்பதும், மதிய இடைவேளையில் அவன் சைக்கிள் நிறுத்தத்தில் நின்று செயினைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதும் அதே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே தலையில் சேரும்போதுதான் அந்தப் பையனுக்கு ஒரு புத்தகம் கிடைக்கிறது. வாரத்துக்கு இருபத்தெட்டுப் பாடவேளை எடுத்து, எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றி, தேர்வுத் தாளும் திருத்தும் ஆசிரியரிடம் இதையும் எதிர்பார்ப்பது அவருக்கும் அநீதி, அந்தப் பையனுக்கும் அநீதி.

இன்னொன்றும் உண்டு. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பள்ளிக்குள் ஒரு குழந்தை சந்திக்கும் பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் அதற்கு மதிப்பெண் போடுபவர்கள். நூலகர் போட மாட்டார். பிடிக்கவில்லை என்று பாதியில் திருப்பிக் கொடுத்தால் கோபிக்க மாட்டார். அடுத்ததை எடுத்துக் கொடுப்பார். ஒரே புத்தகத்தை ஐந்தாம் முறை கேட்டாலும் கொடுப்பார். தவறாகப் புரிந்துகொள்ளும் உரிமையோடு வாசிக்க ஓர் அறை பள்ளியில் வேண்டும். நூலகப் பாடவேளை என்று கால அட்டவணையில் ஒன்று இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கும் அறிவியலும் அதை எடுத்துக்கொள்ளும், யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வாதாட ஒரு குரல் பணியாளர் கூட்டத்தில் இல்லை. நூலகர் என்று ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், குறைந்தது, தன் நேரத்தைத் திருப்பிக் கேட்பார்.

பள்ளிக்கு நூலகர் வேண்டும் என்பதையே முழக்கமாக்கித் தெருவுக்கு வந்த பிள்ளைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் நகரின் ஓரத்தில், கையலிட்ஷா என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருக்கிறது. நிறவெறி அரசு எண்பதுகளில் உருவாக்கியது. அங்கே 2008இல் ‘ஈக்வல் எஜுகேஷன்’ என்ற அமைப்பு தொடங்கியது. அவர்களின் முதல் போராட்டம் ஒரு பள்ளியின் உடைந்த ஐந்நூறு ஜன்னல்களுக்காக. அதில் வென்ற கையோடு மாணவர்கள் நூலகத்தைக் கேட்டார்கள். நாட்டின் அரசுப் பள்ளிகளில் இயங்கும் நூலகம் உள்ளவை எட்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்று அப்போதைய அரசுக் கணக்கே காட்டியது. அந்தச் சிலவும் பெரும்பாலும் முன்பு வெள்ளையர்களுக்காக இருந்த பள்ளிகள். கட்டணம் கொடுக்க முடிந்த பெற்றோர், அந்தப் பணத்திலேயே நூலகருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரு பள்ளி, ஒரு நூலகம், ஒரு நூலகர் என்பது மாணவர்களின் கோரிக்கை. 2009 செப்டம்பர் 22 அன்று ஏறத்தாழ மூவாயிரம் மாணவர்கள் பள்ளிச் சீருடையிலேயே கேப் டவுன் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அறுபத்தைந்தாயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாப் பள்ளிக்கும் நூலகமும் நூலகரும் தர எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு அறிக்கையாக அரசின் முன் வைத்தார்கள். கூடவே ‘புக்கரி’ என்ற பெயரில் புத்தகங்களைத் திரட்டி, தரம் பார்த்துப் பிரித்து, பள்ளிகளில் நூலகம் அமைக்கவும் தொடங்கினார்கள். அப்படி அமைத்த நூலகங்களில் உதவியாளர்களையும் அமர்த்தினார்கள். வெறும் புத்தகப் பெட்டியை இறக்கிவிட்டு வரவில்லை.

வழக்கு போட்டார்கள். 2013 நவம்பர் 29 அன்று பள்ளிக் கட்டமைப்புக்கான குறைந்தபட்ச விதிகள் அரசிதழில் வந்தன. பத்து ஆண்டுக்குள் எல்லாப் பள்ளியிலும் நூலக வசதி என்பது அவற்றில் ஒன்று. பெரிய வெற்றி. ஆனால் அந்த விதிகள் கட்டமைப்பு பற்றியவை. அறையையும் நூல் தொகுப்பையும் சொன்னவை, நூலகர் பணியிடத்தைத் தரவில்லை. முழக்கத்தின் மூன்றாவது சொல் வெளியே நின்றுவிட்டது. 2023 வந்தது, போனது. 2024இல் திருத்தப்பட்ட விதிகள் காலக்கெடுக்களையே நீக்கிவிட்டன. 2021இல் நடந்த பேர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், அந்நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் வாசித்துப் பொருள் கொள்ள முடியவில்லை என்று தெரிந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்த பெருந்தொற்றுக் காலத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் 2016 ஆய்விலேயே அது 78ஆக இருந்தது.

அந்தப் பிள்ளைகளின் போராட்டத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: அறைக்கும் புத்தகத்துக்கும் இணங்கும் அரசுகள் ஆளுக்கு வரும்போது தயங்குகின்றன. அறை ஒருமுறைச் செலவு, திறப்பு விழாவுக்கு ஆகும். ஆள் என்றால் மாதந்தோறும் சம்பளம், பணிப் பதிவேடு, ஓய்வூதியப் பேச்சு. எனவே ஆளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம் மாநிலத்துக்கு இது புதிய பாடம் இல்லை. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அரிசியையும் பருப்பையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நேரம் கிடைக்கிற ஆசிரியர் சமைக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று பணியிடம் உருவாக்கினார்கள். முதலில் கணவனை இழந்தவர்களும் ஆதரவற்ற பெண்களும் அந்த வேலைகளுக்கு வந்தார்கள். கட்டுப்படியாகாது என்று அன்று சொன்ன பொருளாதாரம் தெரிந்தவர்கள் பலர். நாற்பது ஆண்டுகளாக அடுப்பு எரிகிறது. அந்தப் பெண்களின் ஊதியக் கோரிக்கைகள் இன்னும் தீராதவை என்பதையும் இதோடு சொல்லியாக வேண்டும். ஆனால் அவர்கள் இருப்பதால்தான் சோறு இருக்கிறது.

முறையான ஆள் இல்லாமல் அறை மட்டும் கட்டியதன் விளைவும் நம் கண்முன் உண்டு. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடம் எழும்பியது. நல்ல கட்டடங்கள். பொறுப்பாளர்களுக்குச் சொற்பத் தொகை. இன்று எத்தனையோ ஊர்களில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடப்பதை, பேருந்தில் போகிற எவரும் பார்க்கலாம்.

பணியிடம் என்று கேட்கும்போது எப்படிப்பட்ட பணியிடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களை நாம் அறிவோம். அந்த வழியில் இன்னொரு கூட்டத்தை நிறுத்தி வைப்பதற்காக இந்தக் கோரிக்கையை எழுப்பக் கூடாது. முதலியார் குழு சொன்ன ‘இணையான ஊதியமும் மதிப்பும்’ அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. பணியாளர் கூட்டத்தில் நாற்காலி இல்லாத நூலகரால் நூலகப் பாடவேளையைக் காப்பாற்ற முடியாது.

ஒரே நாளில் எல்லாப் பள்ளிக்கும் வராது, அதுவும் தெரியும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தொடங்கலாம். முப்பது, நாற்பது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகளுக்குத் தனி நூலகர் நடைமுறையில் கடினம். பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர், முறை வைத்துச் சுற்றி வரலாம். 1931 அக்டோபரில் மன்னார்குடியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பிய ஊர் நம்முடையது. படித்தவர்களுக்கும் பஞ்சம் இல்லை. சென்னை நூலகச் சங்கம் 1929இலேயே பயிற்சிப் பள்ளி தொடங்கியது. சில ஆண்டுகளில் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. அன்று முதல் நூலகவியல் படித்து வெளியே வருபவர்களின் வரிசை நிற்கவில்லை. அவர்களில் பலரை நான் ஜெராக்ஸ் கடையிலும் தனியார் கல்லூரி அலுவலகங்களிலும் சந்தித்திருக்கிறேன். பொது நூலகத் துறையும் பள்ளிகளும் ஒரே அமைச்சரின் கீழ் இருக்கும் மாநிலம் இது. இரண்டு கோப்புகளும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன.

யார் கேட்பது என்பதுதான் மீதி. ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இது வருவது அரிது. வந்தாலும் பத்தாவது, பன்னிரண்டாவது. எழுத்தாளர்கள் நாம் புத்தகக் கண்காட்சி மேடையில் வாசிப்பைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறோம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அவர்களால் தீர்மானம் போட முடியும்.

அண்மையில் ஓர் ஊரில் அப்படியொரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றுச்சுவர், கழிப்பறைக்குத் தண்ணீர், மழையில் ஒழுகும் வகுப்பறை என்று முடிந்தபின் ஒரு தாய் எழுந்தார். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்தவர்.

“புத்தகமெல்லாம் நெறைய வருதாம் டீச்சர். பீரோவத் தொறந்தப்பப் பாத்தேன்னு எம்பொண்ணு சொன்னா. அத எடுத்துக் குடுக்க ஒரு ஆளப் போடச் சொல்லுங்க.”

தலைமையாசிரியர் பேனாவை நிறுத்தினார். “அப்படி ஒரு போஸ்டே இல்லையேம்மா. இருந்து காலியா இருந்தா வேக்கன்ட்னு எழுதலாம். இல்லாத போஸ்ட என்னன்னு எழுதறது?”

“இல்லைன்னே எழுதுங்க டீச்சர்.”

அன்றைய தீர்மானங்களில் நான்காவதாக அது பதிவானது: இப்பள்ளியில் நூலகர் பணியிடம் இல்லை என்பதால், அதை உருவாக்கித் தருமாறு அரசைக் கேட்டுக்கொள்வது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.